நிறுத்த மறுத்த ஆறு ஆண்டுகள்

1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்தைக் கைப்பற்றிய சதாம் ஹுசைன், இரண்டு வாரம் முடிவதற்குள் இன்னொரு முடிவையும் அறிவித்தார். ஈரானுடன் 1975இல் செய்துகொண்ட அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தை ஈராக் மீண்டும் ஏற்கும்; ஈரான் மண்ணில் எஞ்சியிருக்கும் ஈராக் படைகள் திரும்பும்; போர்க் கைதிகள் விடுவிக்கப்படுவார்கள். குவைத் செய்திகளின் இரைச்சலில் உலகம் இதை அதிகம் கவனிக்கவில்லை. இதே ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்துவிட்டுத்தான் 1980 செப்டம்பரில் அவர் ஈரானுக்குள் படை அனுப்பினார். எட்டு ஆண்டுகள் நடந்த அந்தப் போரில் சுமார் ஐந்து லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. 10 லட்சம் என்று சொல்வோரும் உண்டு. எல்லைக்கோடோ 1975இல் வரைந்த இடத்திலேயே இருந்தது.

ஈரான்–ஈராக் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘யார் தொடங்கியது?’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கான விடையில் குழப்பமில்லை. தொடங்கியது ஈராக். 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பெரெஸ் தெ குயெயார் அதைத் தம் அறிக்கையில் பதிவுசெய்துவிட்டார். விடை தேட வேண்டிய கேள்வி வேறு: 1982 ஜூனில் நின்றிருக்கக்கூடிய போர், 1988 ஆகஸ்ட் வரை ஏன் நடந்தது? ஒரு போரைத் தொடங்கவைக்கும் காரணங்கள் வேறு. அதை நிறுத்தவிடாமல் பிடித்துவைக்கும் காரணங்கள் வேறு. மக்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இரண்டாவது வகைக் காரணங்களுக்காகவே போகிறது.

ஆறும் அச்சமும்

டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகள் ஒன்றுகூடி, ஷத் அல்-அரப் என்ற பெயரில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடிப் பாரசீக வளைகுடாவில் கலக்கின்றன. அதன் கீழ்ப்பகுதிதான் இரு நாடுகளுக்கும் எல்லை. ஈராக்கின் கடற்கரை மிகக் குறுகியது. பஸ்ரா துறைமுகம் இந்த ஆற்றை நம்பியே இருந்தது. எதிர்க்கரையில் ஈரானின் கோரம்ஷஹர் துறைமுகமும் அபாதான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும். 1937 உடன்படிக்கை ஆற்றின் பெரும்பகுதியை ஈராக்கிடம் விட்டிருந்தது. 1975இல் ஈரான் மன்னர் ஷா, எல்லையை ஆற்றின் ஆழமான நீரோட்டத்தின் நடுவுக்கு நகர்த்தினார். அதற்குப் பதிலாக, ஈராக் அரசை எதிர்த்துப் போராடிய குர்துகளுக்குத் தந்துவந்த உதவியை நிறுத்திக்கொண்டார். சில வாரங்களில் குர்துகளின் எழுச்சி சரிந்தது. ஈராக் சார்பில் அந்தப் பேரத்தை முடித்தவர், அப்போது துணை அதிபராக இருந்த சதாம். கை தாழ்ந்திருந்த நேரத்தில் விட்டுக்கொடுக்க நேர்ந்ததை அவர் மறக்கவில்லை.

ஆற்றுத் தகராறு மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு பெரிய போர் மூண்டிருக்காது. 1979 பிப்ரவரியில் ஷாவின் ஆட்சி வீழ்ந்தது. புரட்சியின் தலைவர் ஆயத்துல்லா கொமேனி, ஈராக்கின் நஜஃப் நகரில் பதின்மூன்று ஆண்டுகள் தஞ்சமிருந்தவர். 1978இல் ஈராக் அரசால் வெளியேற்றப்பட்டவர். ஈராக் மக்கள் தொகையில் பெரும்பான்மை ஷியாக்கள். ஆட்சியோ சுன்னிகள் மேலோங்கிய பாத் கட்சியின் கையில். ஈராக்கியர்களும் எழுந்து ஆட்சியைத் தூக்கியெறிய வேண்டும் என்ற குரல் தெஹ்ரானிலிருந்து வந்தபோது, 1979 ஜூலையில் அதிபராகியிருந்த சதாம் அதைத் தம் நாற்காலிக்கு வந்த மிரட்டலாகவே எடுத்துக்கொண்டார். 1980 ஏப்ரலில் துணைப் பிரதமர் தாரிக் அஜீஸைக் கொல்ல முயற்சி நடந்தது. சில நாட்களிலேயே ஷியா மதத் தலைவர் முகமது பாகிர் அல்-சதரும் அவர் சகோதரியும் கொல்லப்பட்டனர். ஈரானிய வம்சாவளியினர் என்று முத்திரை குத்தப்பட்ட பல்லாயிரம் பேர் எல்லைக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள்.

அச்சத்தோடு ஆசையும் சேர்ந்தது. இஸ்ரேலுடன் சமாதானம் செய்துகொண்ட எகிப்தை அரபு நாடுகள் ஒதுக்கிவைத்திருந்தன. அரபுலகின் தலைமை காலியாக இருந்தது. எண்ணெய் விலை ஏறி, ஈராக்கின் கருவூலம் நிறைந்திருந்தது. ஈரானிலோ ராணுவ அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் களையெடுக்கப்பட்டிருந்தார்கள். அமெரிக்கத் தூதரக ஊழியர்களைப் பிணையாகப் பிடித்துவைத்ததால் நாடு தனிமைப்பட்டிருந்தது. சில வாரங்களில் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, 1980 செப்டம்பர் 22 அன்று ஈராக் போர் விமானங்கள் ஈரானின் விமானத் தளங்களைத் தாக்கின.

குஜஸ்தான் மாகாணத்தில் வாழும் ஈரானிய அரபுகள் தம் படையை வரவேற்பார்கள் என்று சதாம் நம்பினார். அவர்கள் வரவேற்கவில்லை, பெருந்திரளாக வீடுகளை விட்டுத் தப்பி ஓடினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஈராக்கின் ஷியாக்கள் தம் பக்கம் வந்துவிடுவார்கள் என்று தெஹ்ரான் நம்பியது. அவர்களும் வரவில்லை, ஈராக் காலாட்படையில் பெரும்பாலோர் ஷியாக்களாக இருந்தும், தம் நாட்டு எல்லையில் நின்று சண்டையிட்டார்கள். எதிரி நாட்டு மக்கள் தங்கள் ஆட்சியாளரை வெறுப்பதாலேயே அந்நியப் படைக்கு மாலை போடுவார்கள் என்ற நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டில் பல போர்களைத் தொடங்கிவைத்தது. இங்கே அது ஒரே போரில் இரண்டு முறை தோற்றது.

1982 ஜூன்

கோரம்ஷஹர் ஒரு மாதத்துக்கு மேல் தெருத்தெருவாகச் சண்டையிட்டு, 1980 அக்டோபர் இறுதியில் வீழ்ந்தது. அபாதான் முற்றுகையிடப்பட்டது. ஆனால் ஈராக் படை அதற்கு மேல் நகர முடியவில்லை. 1981 செப்டம்பரில் அபாதான் முற்றுகையை உடைத்த ஈரான், 1982 மே 24 அன்று கோரம்ஷஹரையும் மீட்டது. ஜூன் மாதம் சதாம் போர்நிறுத்தம் கேட்டார். ஈரானிலிருந்து படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து, எல்லையோரத்தின் சில துண்டுகள் தவிர மற்ற இடங்களிலிருந்து திரும்பவும் பெற்றார். படையெடுப்பு முறியடிக்கப்பட்டுவிட்டது. ஈரானுக்கு வெற்றி கைக்கு எட்டியிருந்தது.

தெஹ்ரானில் வாதம் நடந்தது. எல்லையைத் தாண்ட வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். கடைசியில், சதாம் பதவி இறங்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும் என்று நிபந்தனை விதித்து, ஜூலை 13 அன்று ஈரான் படைகள் பஸ்ராவை நோக்கி எல்லை தாண்டின. அதற்கு முதல் நாள்தான் ஐ.நா. பாதுகாப்பு அவை, இரு படைகளும் சர்வதேச எல்லைக்குத் திரும்ப வேண்டும் என்று 514ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1980 செப்டம்பர் 28 அன்று, ஈராக் படைகள் ஈரானுக்குள் முன்னேறிக்கொண்டிருந்தபோது நிறைவேறிய 479ஆம் தீர்மானத்தில் இந்தக் கோரிக்கை இல்லை. சண்டையை நிறுத்தச் சொன்ன அந்தத் தீர்மானம், படையெடுத்தவரைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஆக்கிரமிப்பாளர் என்று யார் பெயரையும் குறிப்பிடவும் இல்லை. ஈராக் உள்ளே இருந்தபோது வராத கோரிக்கை, ஈராக் வெளியேறிய பிறகு வந்தது. பாதுகாப்பு அவையை ஈரானியர்கள் நம்பாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பேச வந்தவர்கள் இல்லாமலில்லை. ஸ்வீடனின் ஓலோஃப் பால்மே ஐ.நா. தூதராகப் பலமுறை வந்துபோனார். மத்தியஸ்தத்துக்காகப் பறந்துகொண்டிருந்த அல்ஜீரிய வெளியுறவு அமைச்சர் முகமது பென்யஹியாவின் விமானம் 1982 மே 3 அன்று ஈரான்–துருக்கி எல்லைக்கருகே சுட்டு வீழ்த்தப்பட்டு, அவரும் உடன் சென்றவர்களும் இறந்தார்கள். பாக்தாதில் அதே ஆண்டு நடக்கவிருந்த அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு, போர் காரணமாக 1983 மார்ச்சில் டெல்லிக்கு மாற்றப்பட்டது. இரண்டு உறுப்பு நாடுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தபோது அந்த அமைப்பால் செய்ய முடிந்தது, மாநாட்டின் இடத்தை மாற்றியது மட்டும்தான்.

யாருக்கு நிறுத்தத் தோன்றியது?

போர் தொடர்ந்ததால் ஆட்சியில் இருந்த இருவருக்கும் லாபம் இருந்தது. கொமேனியின் ஆட்சிக்குப் போர் உள்நாட்டுப் போட்டியாளர்களை ஒழிக்கும் வாய்ப்பாக அமைந்தது. நாட்டின் முதல் அதிபர் பனிசதர் 1981 ஜூனில் நீக்கப்பட்டார். இடதுசாரிகளும் முஜாஹிதீன் இயக்கத்தினரும் சிறைகளை நிரப்பினார்கள். புரட்சிக் காவல் படை, புரட்சியைக் காக்கும் தொண்டர் கூட்டம் என்ற நிலையிலிருந்து, ராணுவத்துக்கு இணையான தனிப் படையாக வளர்ந்தது இந்த ஆண்டுகளில்தான். சதாமுக்கோ தோல்வி என்றால் பதவியும் உயிரும் போகும். அதைத் தவிர்க்க அவர் எந்த விலையையும் கொடுக்கத் தயாராக இருந்தார்; அந்த விலை அவருடைய கையிலிருந்து போகவில்லை.

இறந்தவர்களும் ஒரு காரணமானார்கள். தியாகிகளின் ரத்தத்தை வீணாக்கலாமா என்ற கேள்வியை இரு தலைநகரங்களும் எழுப்பின. அந்தக் கேள்விக்கு விடையாக மேலும் ஆயிரக்கணக்கானோரைக் களத்துக்கு அனுப்பின. கந்துவட்டியில் மாட்டியவன் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவதைப் போல, இறந்துபோனவர்களுக்குக் கணக்குத் தீர்க்க உயிரோடிருப்பவர்களைக் கொடுத்துக்கொண்டே போனார்கள்.

வெளியுலகுக்கும் அவசரம் இல்லை. புரட்சி தங்கள் நாட்டுக்கும் பரவும் என்று அஞ்சிய சவூதி அரேபியாவும் குவைத்தும் ஈராக்குக்குக் கோடிக்கணக்கான டாலர்களைக் கடனாகக் கொடுத்தன. சோவியத் ஒன்றியம் டாங்கிகளையும் விமானங்களையும் ஏவுகணைகளையும் விற்றது. பிரான்ஸ் மிராஜ் விமானங்களை விற்றது. சூப்பர் எடண்டார் விமானங்களை வாடகைக்குக் கொடுத்தது. அமெரிக்கா 1982இல் ஈராக்கைப் பயங்கரவாத ஆதரவு நாடுகளின் பட்டியலிலிருந்து எடுத்தது. 1984 நவம்பரில் தூதரக உறவைப் புதுப்பித்தது. அதே அமெரிக்கா 1985, 1986இல் ஈரானுக்கு ரகசியமாக டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளை விற்று, அந்தப் பணத்தை நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்ட கதை பின்னர் அம்பலமானது. ஈரானின் பரம எதிரியாகச் சொல்லப்படும் இஸ்ரேல் வழியாகவும் ஆயுதங்கள் தெஹ்ரானுக்குப் போயின. சீனா இரு தரப்புக்கும் விற்றது. யாரும் வென்றுவிடக் கூடாது என்பதில்தான் பெரிய நாடுகள் ஒத்துப்போனதாகத் தெரிகிறது.

விலை கொடுத்தவர்கள்

1982 ஜூலைக்குப் பிறகு நடந்தவற்றை வரிசைப்படுத்தினால், இந்தப் போரின் கொடுமைகளாக இன்று உலகம் நினைவில் வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை அதில் வந்துவிடும்.

ஈரானின் பாசிஜ் தொண்டர் படையில் முதியவர்களும் பள்ளிச் சிறுவர்களும் சேர்ந்தார்கள். 1980இல், கையெறி குண்டுகளோடு ஈராக் டாங்கியின் அடியில் பாய்ந்து இறந்த 13 வயதுச் சிறுவன் ஹுசைன் ஃபஹ்மிதேவை அரசு தேசிய வீரனாக்கியது. பாடப்புத்தகங்களில் அவன் கதை ஏறியது. அவனைப் பார்த்து வளர்ந்த பையன்கள் அடுத்த ஆண்டுகளில் பஸ்ராவின் சதுப்பு நிலங்களிலும் கண்ணிவெடி வயல்களிலும் அலை அலையாக அனுப்பப்பட்டார்கள். எதிரில் இருந்த ஈராக் வீரனுக்கும் தேர்வு இருக்கவில்லை. பின்வாங்கினால் சொந்த நாட்டுத் துப்பாக்கிப் படை. இறந்தால் குடும்பத்துக்குக் காரும் வீட்டுமனையும் தருவதாகப் பாக்தாத் தொடக்கத்தில் அறிவித்தது. இறந்தவர்கள் எண்ணிக்கை கூடக்கூட அந்தத் தாராளம் சுருங்கியது.

1983 முதல் ஈராக் கடுகு வாயுவைப் பெருமளவில் பயன்படுத்தியது. 1984இல் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் தாபுன் நச்சும் களத்தில் இறங்கியது. நரம்பு நச்சு போர்க்களத்தில் பயன்படுத்தப்பட்டது அதுவே முதல்முறை. 1925 ஜெனீவா நெறிமுறை இவற்றைத் தடைசெய்திருந்தது. 1984 மார்ச்சில் ஐ.நா. அனுப்பிய நிபுணர்கள் நேரில் பார்த்து உறுதிசெய்தார்கள். பாதுகாப்பு அவை கண்டித்தது; ஆனால் யார் பயன்படுத்தியது என்று சொல்லவில்லை. ஈராக்கின் பெயரை அவை உச்சரிக்க 1986 மார்ச் வரை ஆயிற்று. 1987 ஜூன் 28 அன்று ஈரானின் சர்தஷ்த் என்ற சிறுநகரத்தின் குடியிருப்புகள் மீது கடுகு வாயுக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோரின் நுரையீரலும் கண்களும் கெட்டன. கடுகு வாயு உடனே கொன்றுவிடுவதில்லை. மூச்சுக்குழாய் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். பார்வை பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் மங்கும். அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் இன்றும் ஈரான் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் உருளைகளோடு இருக்கிறார்கள்.

1988 மார்ச் 16 அன்று சதாம் அந்த ஆயுதத்தைத் தம் குடிமக்கள் மீதே திருப்பினார். ஈரான் படைகளும் குர்துப் போராளிகளும் கைப்பற்றியிருந்த ஈராக்கின் ஹலப்ஜா நகரில் 3,200 முதல் 5,000 பேர்வரை சில மணி நேரத்தில் இறந்தார்கள். அதே ஆண்டு ‘அன்ஃபால்’ என்ற பெயரில் நடந்த நடவடிக்கையில் 50,000 முதல் ஒரு லட்சம் குர்துகள்வரை கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் மதிப்பிட்டது. ஈராக்கின் ஏவுகணைகள் தெஹ்ரானில் விழுந்தபோது லட்சக்கணக்கானோர் நகரைக் காலிசெய்து மலையடிவாரங்களுக்கும் கிராமங்களுக்கும் போனார்கள்.

வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கும் போரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் சேதமடைந்தன. சுமார் 430 மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கடலில் கப்பல்களைக் காக்க வந்த அமெரிக்கக் கடற்படையின் வின்சென்ஸ் கப்பல், 1988 ஜூலை 3 அன்று பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரான் ஏர் 655 விமானத்தைப் போர் விமானம் என்று கருதிச் சுட்டது. 290 பேர் இறந்தார்கள். அவர்களில் 66 பேர் குழந்தைகள். 10 பேர் இந்தியர்கள்.

நின்றபோது என்ன மிஞ்சியது?

1987 ஜூலையில் போர்நிறுத்தம் கோரிப் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 598ஆம் தீர்மானத்தை ஈராக் உடனே ஏற்றது. ஈரான் ஏற்க ஓராண்டு ஆனது. அதற்குள், ஈராக்கிடமிருந்து ஈரான் பிடித்திருந்த அல்-ஃபாவ் தீபகற்பம் கைவிட்டுப் போனது; எண்ணெய் வருமானம் சரிந்தது; களத்துக்கு வரும் தொண்டர்கள் குறைந்தார்கள். அடுத்த ஏவுகணையில் நச்சு வாயு இருக்கும் என்ற பயம் தலைநகரைப் பிடித்தது. 1988 ஜூலையில் கொமேனி போர்நிறுத்தத்துக்கு இணங்கினார். அதை நஞ்சு குடிப்பதற்கு ஒப்பிட்டார். ஆகஸ்ட் 20 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்தன. அதே கோடையில் ஈரான் சிறைகளில் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகள் தூக்கிலிடப்பட்டார்கள். வெளிப்போர் நின்றதும் பழைய கணக்குகள் உள்ளே தீர்க்கப்பட்டன.

துப்பாக்கிகள் ஓய்ந்ததோடு விலை கொடுப்பது முடிந்துவிடவில்லை. பல்லாயிரக்கணக்கான கைதிகள் 1990 வரை முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். கடைசிக் கைதிகள் வீடு திரும்பியது 2003இல். எல்லையில் இறந்தவர்களின் எலும்புகளை இரு நாடுகளும் இன்றும் தோண்டி எடுத்துப் பரிமாறிக்கொள்கின்றன. ஐந்து மேற்கு மாகாணங்களில் 1.6 கோடி கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன என்பது ஈரான் அரசின் கணக்கு. போர் தொடங்கியபோது பிறந்தே இராத மேய்ச்சல்காரச் சிறுவர்களின் கால்களை அவை எடுத்தன.

போர், தன் வாரிசையும் விட்டுச் சென்றது. நிறைந்த கருவூலத்தோடு போருக்குப் போன ஈராக் பெரும் கடனோடு திரும்பியது. அந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய மறுத்த குவைத் மீது இரண்டே ஆண்டுகளில் பாய்ந்தது. அதன் விளைவாக 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் வேலையையும் சேமிப்பையும் விட்டு அம்மான் வழியாக விமானம் ஏற நேர்ந்தது. தடைகள், 1991 போர், 2003 போர் என்று ஈராக் அடுத்துப் பட்டவை எல்லாம் இந்தச் சங்கிலியின் கண்ணிகளே. ஈரானிலும், புரட்சிக் காவல் படையின் ஆதிக்கமும் ஏவுகணைகள் மீதான பிடிவாதமும் அந்த எட்டு ஆண்டுகளில் பிறந்தவை. தெஹ்ரான் மீது ஏவுகணைகள் விழுந்தபோது உலகம் வேடிக்கை பார்த்தது என்ற நினைவு, அந்தத் தலைமுறைத் தளபதிகளின் மனதிலிருந்து போகவில்லை.

ஒரு நியாயமான மறுப்பு

போரை நிறுத்து என்று சொல்வது ஆக்கிரமிப்பாளருக்கு வசதியான பேச்சு இல்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1982இல் ஈரான் கேட்டது அநியாயமில்லை. படையெடுத்தவன் தண்டிக்கப்பட வேண்டும், அழித்ததற்கு ஈடு தர வேண்டும் என்றது. சதாமைப் பதவியில் விட்டால் மீண்டும் யாரையாவது தாக்குவார் என்ற அச்சமும் பொய்க்கவில்லை.

ஆனால் ஆறு ஆண்டுகள் தொடர்ந்த போர் அந்த நியாயத்தை ஓர் அங்குலமும் நெருங்கவில்லை. சதாம் 2003 வரை பதவியில் இருந்தார். இழப்பீடு வரவில்லை. கொரியப் போரிலும் இதுவே நடந்தது: 1951 ஜூலையில் தொடங்கிய போர்நிறுத்தப் பேச்சு, முக்கியமாகக் கைதிகளைத் திருப்பி அனுப்பும் சிக்கலில் இழுபட்டு, 1953 ஜூலையில்தான் முடிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் கோடு பெரிதாக நகரவில்லை. சாவு மட்டும் தொடர்ந்தது. நியாயமான கோரிக்கையைத் தவறான கருவியிடம் கொடுத்தால் கோரிக்கையும் தோற்கும், மக்களும் அழிவார்கள்.

அதற்காகப் பழியை எல்லாம் தெஹ்ரான் மீது போட்டுவிட முடியாது. 1980 செப்டம்பரிலேயே பாதுகாப்பு அவை, படையெடுத்தது ஈராக் என்று சொல்லி, திரும்பிப் போகும்படி கட்டளையிட்டிருக்கலாம். 1984இல் நிபுணர்கள் ஆதாரத்தோடு வந்தபோது, நச்சு வாயுவைப் பயன்படுத்தியவரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், சொந்த ஆயுதத்தால் மட்டுமே நீதி கிடைக்கும் என்ற முடிவுக்கு ஈரான் வந்திருக்க வேண்டியதில்லை. நிறுத்தச் சொன்னவர்களின் பேச்சுக்கும் 1982இல் மதிப்பு இருந்திருக்கும். ஈராக்குக்கு நச்சுப் பொருள்களுக்கான மூல ரசாயனங்களை விற்றதற்காக டச்சு வணிகர் ஃபிரான்ஸ் வான் அன்ராத் 2005இல் நெதர்லாந்தில் தண்டிக்கப்பட்டார். விற்ற மற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை, அனுமதி கொடுத்த அரசுகள் எவையும், எந்த நீதிமன்றப் படியும் ஏறவில்லை.

ஆகவே ஒரு போர் மூளும்போது இரண்டு காரியங்களைச் சேர்த்தே கோர வேண்டும். ஆக்கிரமித்தவர் யார் என்று முதல் வாரத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரு தரப்புக்கும் ஆயுதம் போகும் வழிகளை அப்போதே அடைக்க வேண்டும். முதலாவதைத் தவிர்த்துவிட்டுச் சமாதானம் பேசுகிறவரைப் பாதிக்கப்பட்டவர் நம்பமாட்டார். இரண்டாவதைத் தவிர்த்துவிட்டுச் சமாதானம் பேசுகிறவர் தாமே தம் பேச்சை நம்பவில்லை. எண்ணெய்க்காகவும் பிழைப்புக்காகவும் வளைகுடாவை நம்பியிருக்கும் இந்தியா போன்ற நாட்டுக்கு, இந்த இரண்டையும் உரக்கச் சொல்ல அறத்தைவிடவும் கண்கூடான காரணம் உண்டு: அங்கே நிற்காமல் போகும் ஒவ்வொரு போரின் கட்டணத்திலும் ஒரு பங்கு நம் வீட்டுக்கும் வந்துசேர்கிறது.